பள்ளமில்லாத மேசைக்குச் செம்புத் தகடு

உலகில் மேசைகள் ஏராளம். கௌரவமுள்ள மேசை ஒன்றுதான். அதற்குச் செம்புத் தகடு போர்த்திய நன்னாளில் உடனிருந்தோர்: குடும்பத் தலைவரான பெரியவர், அவர் மனைவி, அவர் தம்பி, செல்பேசியில் காணொளி பார்த்தே சகல தொழிலும் கற்ற மாப்பிள்ளை. சமையலறை வாசல்வரை மட்டும், தம்பியின் மனைவி.

அவர் ஏன் வாசலோடு நின்றார் என்பதையும் சொல்வதே முறை. சில வருஷங்களுக்கு முன் மேசையின் நடுவே ஒரு தீய்ந்த கறை தோன்றியது. கொதிக்கும் வாணலியை அங்கே வைத்தது தம்பி மனைவிதான் என்று பெரியவர் அன்றே 'விசாரித்து' முடித்தார். சாட்சியும் அவர், தீர்ப்பும் அவர், ஆகவே தாமதமில்லை. கரியைத் தாமே சுரண்டித் தடித்த விரிப்பைப் போட்டார். கறை போகும்வரை, செய்தவருக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் இடமில்லை; சாப்பாடு சமையலறையில். விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது குடும்ப மானத்தைத் தூக்கிப் பார்ப்பதாகும்.

இப்போது விரிப்பு நைந்துவிட்டது. செம்புதான் இன்றைய நாகரிகம் என்றார் மாப்பிள்ளை.

"அண்ணா, தகடு போட்டா கறை மறைஞ்சிடும். அப்புறம் இவளும் உக்காரலாமில்ல?" என்றார் தம்பி.

"பரிசீலிக்கப்படும்."

மாப்பிள்ளை பலகையைத் தடவினார். "மாமா, இங்க பள்ளமா இருக்கே. மரத்தூளைப் பசையில குழைச்சு அடைச்சிடலாம். இல்லன்னா தகடு உள்ள இறங்கிடும்."

"எந்தப் பள்ளம்?"

"உங்க கைக்கு அடியில இருக்கிறது."

"இந்தக் குடும்பத்து மேசையில பள்ளமே கிடையாது மாப்ளே. இல்லாத பள்ளத்தை அடைச்சா, இருந்ததுன்னு ஆயிடாதா?"

மாப்பிள்ளை மரத்தூளை ஓரமாக ஒதுக்கினார். அந்த இடத்துக்குப் பசை தடவும் பொறுப்பைப் பெரியவர் தாமே ஏற்று, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நிறைவேற்றினார்.

பலகையிலும் தகட்டிலும் பூசிய பசை உலர்ந்ததும், நால்வரும் நான்கு மூலை பிடித்துத் தகட்டை இறக்கினார்கள். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் பசை. மனம் மாறுவதற்கு வழியில்லை. மாப்பிள்ளை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளை ஓட்டினார். தம்பி விளிம்பை மடித்து மரச்சுத்தியால் தட்டி, அடிப்பக்கம் ஆணி அறைந்தார்.

பெரியவர் நடுவே விரலால் சுண்டினார். 'டொப்' என்றது.

"காத்து அடைஞ்சிருக்கு. சுத்தியைக் குடு."

"வேண்டாம் மாமா, தகடு காகிதம் மாதிரி..."

"கௌரவம்னா தட்டையா உக்காரணும்!"

தட்டினார். அந்த 'டொப்'பின் ஓரம் ஓரமாக, தகடு உள்ளே இறங்கும்வரை, மனசாரத் தட்டினார். பிறகு அவர் மனைவி இரும்பு நாரால் தேய்த்துத் தூசியைத் துடைத்தார்.

ஒரு பக்கம் அகலம். மறு பக்கம் கூர். ஜன்னல் வெளிச்சத்தில், நடு மேசையில், அச்சு அசலாக ஓர் இஸ்திரிப்பெட்டி பளபளத்தது.

அந்த வீட்டில் இஸ்திரிப்பெட்டியைத் தொடும் உரிமை ஒருவருக்கே. மற்றவர்கள் தேய்த்தால் தம் சட்டையின் விறைப்பு குறையும் என்று பெரியவரே விதித்திருந்தார்.

தம்பி மனைவி வாசலைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார்.

"கூர் வச்ச வாணலி எந்தக் கடையில கிடைக்கும் மாமா? நானும் ஒண்ணு வாங்கணும்."

"அது... செம்போட இயல்பு."

"உங்க இயல்புங்க!" என்றார் பெரியவரின் மனைவி. நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ உக்காரும்மா. ஏங்க, கறை போற வரைக்கும் செஞ்சவங்களுக்கு இடமில்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"இது போகாதே அத்தை," என்றார் மாப்பிள்ளை, வார்னிஷ் டப்பாவைத் திறந்தபடி. "இதைப் பூசிட்டா ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்."

அன்றுமுதல் பெரியவர் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் ஒரு வதந்தி உலவுகிறது. குடும்ப கௌரவத்தை முன்னிட்டு அதை மறுக்க வேண்டியிருக்கிறது. அவர் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார். சமையலறையில் நாற்காலி கிடையாது. அங்கே ஒன்று வேண்டியிருக்கும் என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தோன்றவே இல்லை.