ஊறுகாய் பாட்டிலில் எந்தக் குடும்பம்?

அன்புள்ள ஜீவா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, பெரியம்மா கேட்டாலும் காட்டாதே. அங்கே எல்லோரும் நலம்தானே? நான் விடுதி அறையில் என் பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தாழ் போட்டிருக்கிறேன். மற்ற பெண்கள் எல்லாம் வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். காரணம் நான்தான்.

போன ஞாயிறு விடுதியிலிருந்து மலைமேல் நம் ஊருக்கு வந்தபோது, எங்கள் மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி பட்டு ஒரு வளை உடைந்து, கறுப்பாக ஒரு சிலந்தி வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி அறிவியல் கண்காட்சிக்கு ஆகுமே என்று ஊறுகாய் பாட்டிலில் பாதி மண் போட்டு, அதை உள்ளே விட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவந்து இந்தப் பெட்டிக்குள் ஒளித்தேன். அது எந்தச் சிலந்திக் குடும்பம் என்று சீட்டு ஒட்ட வேண்டும். உன் கல்லூரி விலங்கியல் குறிப்பைப் பத்து முறை படித்தேன். மண்ணும் நூலும் சேர்த்து வளைக்குக் கதவு செய்வது ஒரு குடும்பம், அதற்குத் தாடையில் மண் கிளற முள்வரிசை இருக்கும். கதவு இல்லாமல், பாதத்தின் அடியில் தூரிகைபோல் முடி இருந்தால் வேறு குடும்பம், அது கண்ணாடியிலும் ஏறும் என்று எழுதியிருந்தாய். பாதத்தைத் தூக்கிக் காட்டு என்று அதனிடம் எப்படிச் சொல்வது? கொல்லையில் கதவு எதையும் காணவில்லை, அதனால் கண்ணாடி ஏறும் குடும்பம் என்று ஒட்டிவிட்டேன்.

இன்று சாயங்காலம் பார்த்தால் பாட்டிலில் வெறும் மண். துணியும் தளர்ந்திருந்தது. பக்கத்துப் பாய் நர்மதாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். "அதுக்கு எட்டு கண்ணுன்னியே, ஒண்ணாவது என்னைப் பாத்துக்கினு இருக்குமேடி!" என்று அவள் கத்தியதில் விடுதியே வெளியே ஓடியது. வார்டன் அம்மா வந்து, "இன்னாடி கூச்சல், ஒரு பூச்சிக்கா இவ்ளோ பயம்?" என்று அதட்டிவிட்டு, அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். "எவ கொண்டாந்தான்னு காலைல பெட்டிய தொறந்தா தெரிஞ்சிடும். அவளுக்கு டி.சி.தான்" என்றார். நர்மதா இன்னும் என் பேரைச் சொல்லவில்லை. டி.சி.யோடு போனால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார், அக்கா. இந்த அறைக்குள் வர யாருக்கும் தைரியம் இல்லை, அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கும் தைரியம் இல்லை.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். என்ன விஷயம் என்று மட்டும் சொல்லாதே.

உன் தங்கை,
தேவதர்ஷினி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதே. தடயம் இல்லாமல் கழுவி வைத்துவிடலாம் என்று பாட்டிலை எடுத்தேன். மண்ணின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். பென்சில் முனையால் நெம்பினேன். கீல் வைத்ததுபோல் ஒரு பக்கம் தூக்கியது, உடனே உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொண்டது! அக்கா, அது எங்கேயும் போகவில்லை. கதவு வைக்கும் குடும்பம்தான். கொல்லையில் அதன் கதவை உடைத்ததே என் மண்வெட்டிதான். இப்போதே சீட்டை மாற்றி, பாட்டிலை வேலிக்கு அந்தப் பக்கம்

அறைக் கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள எவடி அது?" வார்டன் அம்மா குரல். பாட்டில் என் மடியில் இருக்கிறது. தாழ் ஆடுகிறது. நானும் அதைப்போலவே உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்