லேசா ஒரு டச்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தில்லை நகர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஏதாவது ஒரு கிளினிக்குக்கு மேல்மாடியில், டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தமும் மருந்து வாடையும் படியேறி வருகிற இடத்தில், ‘ஓவிய வகுப்பு, வயது வரம்பில்லை’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் நடமாடுகிற இனத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் வைத்த பெயர், டச் மாஸ்டர். சாதுவான இனம். யாரையும் திட்டாது, அடிக்காது, ஃபீஸ் தாமதமானால் முகம் சுளிக்காது. ஆனால் அதன் கண்ணெதிரே ஒரு படத்தை மட்டும் முக்கால்வாசியில் வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். திரும்பி வரும்போது படம் முடிந்திருக்கும்.

என் மகள் அனிஷா சேர்ந்திருப்பது ஸ்டீபன்ராஜ் மாஸ்டரின் வகுப்பில். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்ப வந்து அழைத்துப் போக சோம்பல்பட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற அப்பன் நான். ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. முதல் அடையாளம், கலைப்பயணம். எந்த ஓவிய ஆசிரியரை வேண்டுமானாலும் கேளுங்கள், மூன்று வயதில் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் வரைந்து அப்பாவிடம் அடி வாங்கியிருப்பார். திருச்சியில் அந்தக் காலத்துச் சுவர் ஒன்றுகூடச் சுத்தமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் மாஸ்டரின் பயணத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு: அது ஆளைப் பார்த்துப் பாதை மாறும். மார்க்கை நினைத்துக் கவலைப்படுகிற பெற்றோர் வந்தால், அவர் ஓவியப் பரீட்சைகளில் வரிசையாகத் தேறிய கதை. மாதா கோயில் பங்குக்காரர்கள் வந்தால், சின்ன வயதிலேயே கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை எழுதி, பெத்லகேம் வானத்தில் நட்சத்திரம் அதிகமாகிவிட்டது என்று பங்குச் சாமியாரிடம் பாராட்டோ கண்டிப்போ வாங்கிய கதை. ஸ்ரீரங்கத்து அம்மாக்கள் வந்தால், ராஜகோபுரத்தை எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கை பழகிய கதை. உண்மையில் அவர் படித்தது பி.காம். முதலில் பார்த்த வேலை, உரக்கடையில் கணக்கு எழுதுவது. இதை அவர் மனைவி லூர்துராணி டீச்சர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கடையில் மூட்டைகளைப் படம் வரைந்துகொண்டிருந்தாராம், முதலாளி பார்த்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டாராம். இதுதான் எல்லாவற்றிலும் நல்ல கதை. இதை மட்டும் அவர் சொல்லமாட்டார். தன் வாழ்க்கையைக்கூட டச் பண்ணாமல் காட்டத் தெரியாத மனிதர்.

இரண்டாவது அடையாளம், அந்தச் சடங்கு. மாணவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். தலையைச் சாய்ப்பார். “நல்லாத்தான் இருக்கு” என்பார். அந்த ‘த்தான்’ விழுந்தவுடனே நாற்காலியில் இருக்கிறவருக்குத் தெரிந்துவிடும், தன் காலம் முடிந்ததென்று. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் நீளும். பென்சிலைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். “லேசா ஒரு டச்” என்றபடி உட்காருவார். உட்கார்ந்தவர் எழுந்தால் அந்த ஆறு வளைந்திருக்கும், அந்த மாடு நடந்திருக்கும், அந்த மேகத்துக்கு வயிறு வந்திருக்கும். அழகாக இருக்கும். அதைச் சொல்லாமலிருந்தால் பாவம். மனிதருக்கு அபாரமான கை. ஆனால் மாணவர் அவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருப்பார்? பின்னால் நின்று பென்சில் சீவிக்கொண்டிருப்பார். என் மகள் அந்த வகுப்பில் சேர்ந்து பென்சில் சீவுவதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டாள்.

அந்த வகுப்பிலிருந்து போட்டிக்குப் போகும் கிளிகளெல்லாம் இடப்பக்கமே பார்க்கும். எல்லாக் கிளிக்கும் ஒரே கண், அதில் ஒரே மினுக்கம். கிளி மட்டும் அல்ல, எந்தப் படத்திலும் எங்காவது ஒரு மூலையில் ராஜகோபுரம் எழும்பிவிடும். ஒரு பெண் தன் பாட்டுக்குப் பெங்குவின் வரைந்தாள். பனிமலைக்குப் பின்னால் கோபுரக் கலசம் தெரிந்தது. திருச்சிப் பிள்ளை வரைந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார்.

இப்படி எல்லாருக்கும் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆனந்தவள்ளி மேடம் வகுப்பில் சேர்ந்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். குழந்தைகளுக்கு நடுவே சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து ஒரே படத்தைத்தான் வரைந்தார்: அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. அதில் நட்ட நடுவே ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர் டாங்க், பக்கத்தில் துணி காயப்போடுகிற கொடி, டாங்குக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற சின்னக் கோபுரம். மாஸ்டர் வருவார், தலையைச் சாய்ப்பார், விரல்களை நீட்டுவார். மேடம் எழுந்திருப்பார். டாங்க் சுருங்கும், கோபுரம் வளரும். அடுத்த வாரம் மேடம் மறுபடி டாங்கைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வருவார். மறுபடி சுருங்கும். அவர் மாடியிலிருந்து பார்த்தால் டாங்குதான் பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தெரிகிறதையெல்லாம் வரைந்தால் அது கலையாகுமா என்று மாஸ்டர் கேட்டார். எனக்கே அது நியாயமாகப் பட்டது.

ஆனால் மேடத்துக்கு அது வேடிக்கையாக இல்லை. சட்டம் போட்ட படங்களை வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருந்தாராம். சென்னையிலிருந்து வந்த மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “உங்க சார் ரொம்ப நல்லாப் போட்டிருக்காரும்மா” என்று சொல்லியிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு கைப்பையைத் திறந்து எதையோ வெகு நேரம் தேடினார். செத்துப்போவதற்குள் தன் கையால் போட்டது என்று சொல்ல ஒரு படம் சுவரில் தொங்க வேண்டும், அது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஊரிலுள்ள ஓவிய ஆசிரியர்களெல்லாம் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. ஒவ்வொரு ஆசிரியரும் தம் படம் ஒன்றையும் தம் மாணவர் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். ஆசிரியர் படம் புதிதாக வரைந்ததாக இருக்க வேண்டும். யார் இந்த நிபந்தனையைப் போட்டார்களோ, புண்ணியவான்கள், என்ன செய்கிறோமென்று தெரியாமல் செய்துவிட்டார்கள்.

ஏனென்றால் ஸ்டீபன்ராஜ் மாஸ்டர் தமக்கென்று ஒரு படம் வரைந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அதை அவரே கவனிக்கவில்லை. தினம் வரைகிற மனிதருக்கு அது எப்படித் தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமை புதுத் தாளைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டினார். பென்சிலை எடுத்தார். வைத்தார். ஜன்னலைத் திறந்தார், வெளிச்சம் அதிகம் என்று மூடினார். தாளைப் படுக்கை வசமாகத் திருப்பி மாட்டினார். குழந்தைகளுக்குத் தம் கலைப்பயணத்தைச் சொன்னார், கரித்துண்டிலிருந்து. சொல்லிவிட்டு வந்து பார்த்தால் தாள் அப்படியே இருந்தது. அதில் திருத்துவதற்கு ஒரு தப்பும் இல்லை, பாருங்கள். அவர் என்ன செய்வார்? கீழே கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள், இவர் முறை மட்டும் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் இதேதான். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனிதர் முகத்தில் ஷேவிங் இல்லை.

அன்றைக்கு ஆனந்தவள்ளி மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். தலை சாயவில்லை. விரல் நீளவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், இந்தத் தாள்ல நீங்க சும்மா ஒரு ஆரம்பம் போட்டுக் குடுங்களேன். நான் அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்.”

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிளைம் தாள்களைப் பார்த்துப் பழகிய கண். விஷயம் விளங்கிவிட்டது.

“போட்டுத் தரேன் சார். ஆனா என் படம்தான் உங்க பக்கத்துல மாட்டணும். அதுல நீங்க கை வைக்கக் கூடாது.”

“லேசா…”

“லேசாக்கூடக் கூடாது.”

ஒப்பந்தம் ஆயிற்று. மேடம் மாஸ்டரின் தாளில் அதே மொட்டைமாடியைப் போட்டுக் கொடுத்தார்; கோணலாக, டாங்க் பெரிதாக, ஏராளமான தப்புகளோடு. மாஸ்டர் முகத்தில் ஜீவன் வந்துவிட்டது. உட்கார்ந்தார் பாருங்கள், டிபன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. டாங்கைச் சுண்டைக்காயாக்கி ஓரத்தில் தள்ளினார். கோபுரம் எழுந்து தாளின் உச்சியைத் தொட்டது. ஒவ்வொரு நிலையிலும் பொம்மைகள், புறாக்கள், மாலை வெயில். பிரமாதமான படம். ஏற்கெனவே நாங்கள் நிறையத் தடவை பார்த்திருந்த பிரமாதமான படம்.

கண்காட்சி நாள். நானும் அனிஷாவும் சீக்கிரமே போய்விட்டோம். பார்வையாளர்களுக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை, வகுப்புக்காரர்கள் என்று எங்களை உள்ளே விட்டார்கள்; படம் மாட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. மேடத்தின் படத்துக்கு முன்னால் மாஸ்டர் தனியாக நின்றார். கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. அங்கேதான் பென்சில். எனக்கு அவர் படுகிற பாடு புரிந்தது. மேடத்தின் டாங்குக்குப் பக்கவாட்டில் மேலேயிருந்து கீழே ஒரு கோணல் கோடு நெளிந்து இறங்கியது. கை நடுங்கிப் போட்ட கோடு போலிருந்தது. ரப்பர் வைத்து ஒரு இழுப்பு, பென்சிலால் ஒரு கோடு, முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஊரெல்லாம் பார்க்கிற சுவரில் தம் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கோடு நிற்பதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. பென்சில் வெளியே வந்துவிட்டது.

அப்போது பக்கத்தில் ஆனந்தவள்ளி மேடம் வந்து நின்றார். மாஸ்டரின் கையைப் பார்த்தார். நேராக மாஸ்டரின் படத்துக்கு முன்னால் போனார். தலையைச் சாய்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“டாங்க் ரொம்பச் சின்னதாப் போச்சு சார். எங்க குடியிருப்பு முழுசும் இதுலதான் குளிக்குது” என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சுண்டைக்காய் டாங்கைச் சுற்றிப் பெரிதாக ஒரு கோடு இழுத்தார். கோடு கோபுரத்தின் அடிவாரத்தில் ஏறிப் புறாக்கள் மேலே போயிற்று.

“கை வைக்காதீங்க மேடம்!” மாஸ்டர் கத்தியேவிட்டார். “அது என்னோடது.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏணிமேல் நின்றவர் ஆணியோடு அப்படியே நின்றார்.

“எனக்கும் அப்படித்தான் சார் இருந்துது,” என்றார் மேடம். “ஒவ்வொரு வாரமும்.”

மாஸ்டரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த அம்மாளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. மாஸ்டர் தம் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தம் படத்தில் விழுந்த கோட்டை அழிக்க ரப்பரைத் தேடவுமில்லை.

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆளாக உள்ளே வந்தவர், கையில் காபி ஃபிளாஸ்க்கோடு, லூர்துராணி டீச்சர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கணவர் படத்துக்கு முன்னால் நின்று, “கோபுரம் நல்லா இருக்குங்க, எப்பவும் போல” என்றார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். நின்றார். அந்தக் கோணல் கோட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“யாருங்க இது, மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டுப் போனது? தண்ணி பாட்டுக்கு வழியுது பாருங்க.”

ஆனந்தவள்ளி மேடம் பென்சிலைக் கைப்பைக்குள் போட்டார். பிறகு, “நான்தாங்க” என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாஸ்டர் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி ஊற்றிக் கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போயிற்று.

இப்போதும் வகுப்பு நடக்கிறது. மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். “நல்லாத்தான்” என்று ஆரம்பித்து, ‘த்தானை’ விழுங்கிக்கொள்கிறார். போன வாரம் தம் தாளை எடுத்து மாட்டி, தாமாகவே ஒரு ஆரம்பம் போட்டார். ஏதோ மூட்டைகள் மாதிரி இருந்தது. நன்றாக இல்லை. குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். என் மகள் தலையைச் சாய்த்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள். மாஸ்டர் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டார்.

ஆகவே வாசகரே, டச் மாஸ்டர்கள் கிளினிக் மாடியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கோலத்தில் ஒரு புள்ளியைச் சேர்க்கக் கை துறுதுறுத்தவர்கள், அடுத்தவர் தாளித்த சாம்பாரில் கேட்காமல் உப்பு போட்டவர்கள், இந்தக் கட்டுரையை நான் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருப்பேன் என்று இதற்குள் நினைத்துவிட்டவர்கள், எல்லோரும் ஒரு தடவை தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இதோ, பக்கத்து அறையில் உங்கள் குழந்தை தரையில் கவிழ்ந்து படுத்துப் படம் போட்டுக்கொண்டிருக்கிறது. சூரியனுக்குப் பச்சைக் கலர் அடித்திருக்கிறது. யானைக்கு ஒரு கால் குறைகிறது.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள்.