லைன் சபைத் தலைவரின் ஏழு கையெழுத்து

செத்தாலும் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு மனு போடுவதில்லை என்று பாண்டுரங்கன் முடிவெடுத்தபோது காலை மணி ஏழு. இன்னும் காபி வரவில்லை. அதனால் முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை.

காரணம் வலுவானது. செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் பத்தொன்பது வருஷ ஆபரேட்டர். அது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை. உண்மையான வேலை பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். கடைத்தெரு சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம். டிரங்க் கால் கேட்க ஆள் இருக்காது. அப்போது செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, அவலூர்பேட்டை ஆபரேட்டர்கள் தத்தம் போர்டில் ஒயரோடு ஒயரைக் கோர்த்தால், நாலு ஊரும் ஒரே லைனில் வந்து உட்கார்ந்துவிடும். இதற்கு லைன் சபை என்று பெயர். பெயர் வைத்தவர் பாண்டுரங்கன். தலைவரும் அவரே. தேர்தல் நடந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவர் இடைவெளி விட்டதில்லை.

சபையில் அலசாத விஷயமில்லை. மூட்டுவலிக்கு எந்த எண்ணெய், ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு அந்தக் காலத்தில் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள், பறக்கும் தட்டு உண்டா, உண்டென்றால் செஞ்சியில் ஏன் இறங்கவில்லை. ஒரே ஒரு சட்டம். தன் கேள்வியைத் தானே கேட்கக் கூடாது. இன்னொரு ஆபரேட்டரிடம் கொடுக்க வேண்டும், அவர் சபையில் வைப்பார், கேட்டது யார் என்று மூச்சு விடமாட்டார். ஜனங்கள் வெட்கப்படாமல் கேட்கட்டும் என்று பாண்டுரங்கன் போட்ட சட்டம். வந்த பதிலையெல்லாம் அவர் நோட்டில் எழுதி வைத்தார். பதினோரு நோட்டு. தேட வசதியாகப் பின்பக்கத்தில் அகர வரிசை வேறு. ‘கொசு’ என்றால் நோட்டு நாலு, பக்கம் பன்னிரண்டு. கொசு போகவில்லை. ஆனால் பக்கம் உடனே கிடைத்துவிடும்.

திண்டிவனம் பெரிய எக்ஸ்சேஞ்ச். அங்கே போனால் இருபது பேரில் ஒருவர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், தானாகவே இங்கிலீஷ் கற்று, தனியாக மெட்ரிக் எழுதித் தேறிய மனிதர் அவர். நாலு ஊர் அவருக்குக் காது கொடுக்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான். வீட்டில் அவர் பேச்சுக்கு ரேடியோவின் மரியாதை. ஓடிக்கொண்டிருக்கலாம், வேண்டாதபோது திருகி நிறுத்திவிடுவார்கள்.

“இன்னாங்க, மனு எழுதினீங்களா? வெள்ளிக்கெழம கடைசி நாளு” என்று காபியோடு வந்தாள் மனைவி வசந்தா.

“இன்னா அவசரம் இப்ப?”

“பொண்ணு திண்டிவனம் காலேஜுக்குத் தெனம் பஸ் படியில தொங்கிக்கினு போறா. நேத்து ஒரு செருப்பு ரோட்டோட போயிடுச்சி. ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறா.”

“புதுசு வாங்கித் தரேன்.”

“செருப்புக்குப் பதிலா நாளைக்கு அவளே உழுந்தா? எந்தக் கடைல வாங்குவீங்க?”

பாண்டுரங்கன் காபியைக் குடித்தார். பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு அவர் காபியைத்தான் வைத்திருந்தார்.

அன்று பகலே நோட்டுகளைப் புரட்டினார். ‘மாற்றல், தவிர்ப்பது’ நோட்டு ஏழில் கிடைத்தது. மூன்று வழி. முதலாவது, உடம்பு.

“வசந்தா, திண்டிவனம் ஈரக்காத்து. என் இடுப்புக்கு ஆவாது.”

“கடலா இருக்குது அங்க?”

“மரக்காணம் கடல் பக்கம்தானே?”

“அப்ப ரொம்ப நல்லது. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. இங்க இருக்கிற டாக்டரு உங்க இடுப்ப அமுக்கிப் பாத்துட்டு ‘வயசாச்சி’ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிட்டாரு.”

இரண்டாவது, கிரகம். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“கெழக்க குடி போனா எனக்குக் கண்டமாம். ஜோசியர் சொல்றாரு.”

“எந்த ஜோசியரு?”

“திருவண்ணாமலை.”

“எப்பப் போனீங்க?”

“போகல. லைன்ல ஜாதகத்தைப் படிச்சிக் காட்டினேன்.”

“எங்க அம்மா ஊரு பனமலையும் கெழக்கதான் இருக்குது. நீங்க மாப்பிள்ளயா வந்து எறங்கினப்பவே கண்டம் வந்தாச்சி. அந்தக் கண்டம்தான் இத்தினி வருஷமா உங்களுக்குச் சோறு போடுது. கைய கழுவிக்கினு வாங்க.”

மூன்றாவது, மௌனம். ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். “நைனாவுக்கு இன்னாம்மா?” என்று மகள் கேட்டாள். “நல்லாத்தான் இருக்காரு, விடு” என்றாள் வசந்தா. அன்று வீட்டில் எல்லோரும் சீக்கிரமே நிம்மதியாகத் தூங்கினார்கள்.

புதன்கிழமை வசந்தா மனுப் பேச்சையே எடுக்கவில்லை. அவலூர்பேட்டை சந்தையில் தக்காளி மலிவு என்று பையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். பாண்டுரங்கன் ஜெயித்துவிட்டார். ஜெயித்த தெம்போடு இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினார்.

“தலைவரே, ஒரு கேள்வி வந்திருக்குது” என்றார் திண்டிவனம் ஆபரேட்டர் நூர் முகமது. “மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு பெரியவரு. பாகப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறாராம். கெஞ்சியாச்சி, அழுதாச்சி. படிச்ச கர்வம். இன்னா பண்றது?”

“மலை சுத்திட்டு வந்து கேக்கச் சொல்லுங்க” என்றார் திருவண்ணாமலை பொன்னுசாமி.

“பிரியாணி போட்டுட்டுக் கேக்கலாம். வாய் நெறஞ்சிருந்தா மாட்டேன்னு சொல்ல முடியாது” என்றார் நூர் முகமது.

“தலைவர் இன்னா சொல்றாருன்னு கேப்போம் சார்” என்றாள் அவலூர்பேட்டை ராஜம்மாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“படிச்ச கர்வம் புடிச்சவன்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. தப்புத் தப்பா எழுதி எதிர்ல வெச்சிரணும். வேணாம்னா கிழிச்சிப் போடுன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிரணும். அவனால சும்மா பாத்துக்கினு இருக்க முடியாது. திருத்துவான். அடிச்சித் திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்ல? அத அவன் கை தானாவே போட்டுரும். மனுஷன் மனச எட போடத் தெரியணும், அவ்வளவுதான்.”

லைனில் யாரோ கைதட்டினார்கள். பாண்டுரங்கன் அடக்கமாகத் தலை குனிந்தார். லைனில் அது தெரியாதென்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ‘கையெழுத்து, வாங்குவது: நோட்டு பதினொன்று, பக்கம் முப்பது’ என்று குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வசந்தா ஒரு படிவத்தை அவர் எதிரே வைத்தாள்.

“நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும். பொண்ணு மனசு ஆறட்டும்னு நானே எழுதினேன். வேணாம்னா கிழிச்சிப் போடுங்க. கொழம்பு கொதிக்குது.”

போய்விட்டாள். பாண்டுரங்கனுக்கு எங்கேயோ லேசாக ஒன்று நெருடியது. கிழிக்கத்தான் கையில் எடுத்தார். அதற்குள் கல்விக் கட்டம் கண்ணில் பட்டுவிட்டது. ‘எட்டாவது ஃபெயில்.’

ரத்தம் தலைக்கேறியது. எட்டாவதில் அவர் பாஸ். நின்றது அதற்குப் பிறகு. பேனாவைத் திறந்தார். அடித்தார். ‘மெட்ரிகுலேஷன்’ என்று அழுத்தமாக எழுதினார். டிரங்க் கால் குறிக்கிற சீட்டில் ஒரு எண்ணை மாற்றினாலும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டே பத்தொன்பது வருஷம் பழகிய கை அது. போட்டது.

பிறந்த வருஷம் 1931. பத்து வயது கூட்டியிருந்தாள். அடித்தார், போட்டார். தந்தை பெயர் என்ற இடத்தில் முருகையன். அது அவள் அப்பா. இந்த வீட்டில் என் அப்பாவுக்குக்கூட இடமில்லையா! அடித்தார், போட்டார். சர்வீஸ் ஒன்பது வருஷம். இங்கிலீஷ் ‘புரியும் மாதிரி தலையாட்டுவார்’. பதவி ‘டெலிபோன் துடைப்பவர்’. அடித்தார், போட்டார், அடித்தார், போட்டார், நிப்பு தாளைக் கிழிக்கிற வேகத்தில் அடித்தார், போட்டார். ஆறு கையெழுத்தில் சூடேறியிருந்த கை, கீழே காலியாகக் கிடந்த இடத்தில் ஏழாவதையும் வால் சுழித்துப் போட்டு நின்றது.

“வசந்தா! வந்து பாத்துக் கத்துக்கோ. ஒரு மனுன்னா இப்படி இருக்கணும்.”

“ஐயய்யோ, இத்தினி தப்பா? படிச்சவங்க படிச்சவங்கதான்” என்றாள் வசந்தா, தாளை மடித்துக்கொண்டே.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் கோதண்டராமன் எழுந்து வந்து கை கொடுத்தார். “உங்க பொண்ணு வந்து மனுவ குடுத்துட்டுப் போச்சி. என் சர்வீஸுல இப்படி ஒரு மனுவ பாத்ததில்ல சார். கட்டத்துக்குக் கட்டம் கையெழுத்து! எவ்வளவு ஆச இருந்தா ஒரு மனுஷன் இப்படிப் போடுவான்? மேல அனுப்பிட்டேன்.”

அன்று இரண்டு மணிக்குத் தலைவர் தன் சட்டத்தைத் தானே உடைத்தார்.

“நூர் பாய், அந்த மண்டகப்பட்டுப் பெரியவர் கேள்வி உங்களுக்கு யார் குடுத்தது?”

“திருவண்ணாமலை.”

“பொன்னுசாமி?”

“எனக்கு அவலூர்பேட்டை குடுத்துச்சி.”

“ராஜம்மா?”

“சட்டம் இருக்குதே சார்.”

“சட்டத்த நான்தான் போட்டேன். இப்ப எடுத்துட்டேன். சொல்லு.”

“சந்தைக்கு வந்த ஒரு அம்மா சார். தக்காளிப் பையோட என் பக்கத்துலயே உக்காந்து, இன்னொரு ஹெட்போன மாட்டிக்கினு கேட்டாங்க. நீங்க பேசப் பேச முந்தானையால வாயப் பொத்திக்கினாங்க. கைதட்டினது அவங்கதான்.”

தலைவர் சபை நடுவிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்தார். சபை வரலாற்றில் முதல் தடவை.

ஒரு மாதத்தில் ஆர்டர் வந்தது. திண்டிவனம். பாண்டுரங்கன் மனசைத் தேற்றிக்கொண்டார். போர்டு எங்கே இருந்தாலும் போர்டுதான். நாலு ஊர்ச் சபையைத் திண்டிவனத்திலிருந்தும் நடத்தலாம். நூர் முகமதுவைக் கூப்பிட்டு, தனக்கு எந்த சீட் என்று கேட்டார்.

“உங்களுக்கு போர்டு இல்லண்ணே. புகார்ப் பிரிவு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊரே போன் பண்ணித் திட்டும். நீங்க ஒரு வார்த்த பேச வேணாம். கேட்டுக்கினு இருந்தாப் போதும்.”

ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வசந்தா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“புகார்ப் பிரிவாம்! யாரு கேட்டா இத? எந்த மடையன் எழுதினான்?”

வசந்தா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒம்பதாவது கட்டம். ‘விரும்பும் பிரிவு.’ அதுல மட்டும் நான் தப்பில்லாம எழுதினேன்.”