பெரட்டுக்களத்தில் தொழில் வழிகாட்டி விழா

உலகமெங்கும் மனிதன் வேலையைத் தேடி அலைகிறான். வேலையே மனிதனைத் தேடி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும் ஒரே புண்ணிய பூமி, தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம்தான். இதை அத்தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்ற முறையிலும், 'படித்தோர் தொழில் வழிகாட்டிச் சபை'யின் ஸ்தாபகச் செயலாளர் என்ற முறையிலும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு சபையை ஆரம்பித்தோம். காரணம், மூக்கன் மகள் மீனம்மா. அட்டன் டவுனில் படித்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியிருந்தாள். லயத்தில் குடியிருக்கும் வயது வந்த பிள்ளை சும்மா இருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். மாதம் முடிவதற்குள் வேறு உத்தியோகம் கிடைக்காவிட்டால் கொழுந்துக் கூடைதான். அவளுக்கோ டீச்சராக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஐயோ பாவம், பார்த்துக்கொண்டிருக்க என் மனம் இடம் கொடுக்குமா?

விழாவை எங்கே நடத்துவது என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். 'விசாலமான இடம்' என்ற தகுதியில் பெரட்டுக்களம் தேர்வானது. விடியற்காலையில் தப்பு அடித்ததும் ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதே களம்தான். 'காலைக் குளிர் ஊக்கம் தரும்' என்பதால் நேரமும் அதுவே ஆயிற்று.

நானும் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் லியனார்டும் மேசை போட்டு உட்கார்ந்தோம். 'வரிசையில் வரவும்' என்ற எங்கள் அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்து, மீனம்மா தன்னந்தனியாக வரிசையில் நின்றாள்.

"என்ன வேலைம்மா வேணும்?" என்றேன்.

"டீச்சர் வேலைங்க ஐயா."

"பிரஜாவுரிமை இருக்கா?"

"இங்கயே பொறந்தவங்கன்னு மனு போட்டிருக்கோங்க. இன்னும் ஒன்னும் வரலைங்க."

"அப்ப அரசாங்கப் பள்ளிக்கூடம் சரிவராது. தபால் கந்தோர்ல உத்தியோகம்?"

"அதுக்கும் பிரஜாவுரிமை கேப்பாங்களேங்க."

"பாத்தீங்களா லியனார்ட், என்ன விவரமான புள்ள!" என்று பாராட்டினேன்.

லியனார்ட் தேயிலையை முகர்ந்தே தரம் சொல்பவர். மீனம்மாவின் கையை நீட்டச் சொல்லி 'விஞ்ஞான முறைப்படி' ஆராய்ந்தார். "நீட்டு விரலு. பியானோ வாசிக்கலாம், இல்லாட்டி கொழுந்து எடுக்கலாம். தோட்டத்துல பியானோ இருக்கா?"

"தொரை பங்களாவுல இருக்குங்க."

"அதத் தொரைசானி வாசிக்கிறாங்களே! அந்த எடம் காலியில்ல."

மீனம்மா விடவில்லை. "ஐயா, நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் எடம் இருக்காமே? அதுக்குப் பிரஜாவுரிமையெல்லாம் கேக்க மாட்டாங்களாமே?"

"இருந்துச்சும்மா. போன வாரம் நெரம்பிருச்சு."

நிரப்பியவள் என் மகள். எஸ்.எஸ்.சி. பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பாஸை மற்றவர்களுக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தவள். அவளுக்கான 'வழிகாட்டல்' எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிட்டது.

அதற்குள் தப்புச் சத்தம் கேட்டது. ஆட்கள் வந்து மீனம்மாவுக்குப் பின்னால் மளமளவென்று நின்றார்கள். கணக்கப்பிள்ளை கந்தப்பன் வரிசையின் முதல் ஆளைப் பார்த்தார்.

"மூக்கன் மக. ஏழாம் நம்பர் மலை. கொழுந்து."

"ஐயோ, நான் வேலை தேடி வந்தேங்க!"

"அதான் குடுத்துட்டேனே புள்ள! பெரட்டுல நின்னு பேரும் பதிஞ்சாச்சு. இனி மாத்த ஏலாது."

வந்தவர் ஒருவர். வேலை பெற்றவரும் ஒருவர். நூற்றுக்கு நூறு வெற்றி! தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து என் கையைக் குலுக்கினார். லியனார்ட் கைதட்டினார். பின்னால் நின்ற கொழுந்துக்காரி வீரம்மா, டீச்சர் இடத்துக்குப் போனது என் மகள்தான் என்று மீனம்மாவின் காதில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கூடையை எடுத்துக் கொடுத்தாள். ஆனந்தக் கண்ணீராகத்தான் இருக்கும்.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய மீனம்மா, நாலடி போய்த் திரும்பி நின்றாள்.

"ஐயா, ஒங்க மகளும் வேலை தேடுனவங்கதானே? அவங்க ஏன் இந்த வரிசையில வந்து நிக்கல?"

களம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. லியனார்ட் அவசரமாகத் தன் விரல்களையே ஆராயத் தொடங்கினார்.

எவ்வளவு தெளிவான கேள்வி! கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்! சபையின் செயலாளர் என்ற முறையில் மனம் திறந்து சொல்கிறேன்: அருமையான டீச்சராக வந்திருப்பாள்.