பார்க்க மட்டும் அனுமதி

இனிமேல் இந்த வீட்டில் ஒரு நிர்வாகம் இருக்கும் என்று வீரசிங்கம் முடிவெடுத்தபோது அவர் மனைவி தனலெட்சுமி பின்பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அதனால் அவருக்குத் தைரியம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவர் வாயைத் திறந்தால்தான் அறுபது பேர் மலைக்குப் போவார்கள். ஓய்வு பெற்றுப் பசறை டவுனுக்குக் குடிவந்த பிறகு, வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது.

தனலெட்சுமியின் சோத்துப் பார்சலுக்கு ஊரில் நல்ல பெயர். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் தயானி, ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். வீரசிங்கம் மெனுவில் கத்தரிக்காய் என்று போடுவார். தனலெட்சுமி அடுத்த நிமிடமே அதைப் பலாக்காய் ஆக்கிவிடுவாள். கேட்டால், "சந்தையில கத்தரிக்கா எல்லாம் சொத்தை" என்பாள். அறுபது பேரை ஆண்ட மனுஷனுக்கு ஒரு கத்தரிக்காய் மேல் அதிகாரமில்லை என்றால் என்ன வாழ்க்கை இது?

மகளிடம் போனில் வழி கேட்டு, ஆளுக்கொரு கணக்குத் திறந்தார். தன் பெயருக்கு எதிரே 'அட்மின்' என்று போட்டார். மனைவி பெயருக்கு எதிரே 'பார்வையாளர்'. ஆர்டரை ஏற்க, மெனுவை மாற்ற, 'சமைத்தாயிற்று' என்று குறிக்க என்று அனுமதிகள் வரிசையாக வந்தன. மனைவிக்கு இருந்த சரி அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். 'பார்க்க' என்ற ஒன்றை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார்.

தனலெட்சுமி போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அதை அவரிடமே கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அவளுடைய அப்பா அதே தோட்டத்தில் யூனியன் தலைவராக இருந்தவர். கோபம் வந்தால் சத்தமே போடமாட்டார். கணக்கப்பிள்ளைக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டம். பகல் பன்னிரண்டுக்கு முப்பது பார்சல் வேண்டுமென்று அதிபர் அகீலா டீச்சர் ஆர்டர் போட்டிருந்தார். "இனி எல்லாம் என்னோட நேரடி நிர்வாகம், டீச்சர்" என்று போன் போட்டு வேறு பீற்றிக்கொண்டார் வீரசிங்கம். ஒன்பதரைக்கு அடுப்படியை எட்டிப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை. தனலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா தனம், இன்னும் சோறு வைக்கலியா?"

"முப்பது பார்சல்னு பாத்துட்டேங்க."

"பாத்துட்டு?"

"பாக்க மட்டுந்தானே எனக்கு அனுமதி. பாத்துட்டேன்."

"வெளையாடாத. அரிசியக் கழுவு."

"அனுமதி இல்லாத வேலையச் செஞ்சு, நாளைக்கு வார்னிங் லெட்டர் குடுத்தீங்கன்னா? எங்கப்பா என்னைய அப்பிடி வளக்கல."

"இது என்னா, ஸ்ட்ரைக்கா?"

"சேச்சே. நான்தான் வேலைக்கு வந்திருக்கேனே. சட்டப்படி வேலை."

வீரசிங்கத்துக்கு அந்த வார்த்தை புதிதல்ல. கொழுந்து மண்டிக் கிடந்த ஒரு மாதத்தில், மாமனார் இதே இரண்டு வார்த்தையைச் சொல்லி, விதியில் இல்லாத ஒரு வேலையையும் யாரையும் செய்யவிடாமல்தான் மலையையே முடக்கிப் போட்டார்.

நாமே சமைத்தால் என்ன என்று உள்ளே நுழைந்தார்.

"அரிசி எங்க இருக்கு?"

"பாத்தேங்க. எடுத்துக் குடுக்கத்தான் அனுமதி இல்ல."

மணி பத்தாகப் போனது. அப்போதுதான் அவர் மூளையில் பளிச்சென்று பட்டது. இந்தப் பார்வையாளர் வேலையில் எவ்வளவு சுகம்! நாற்காலி, போன், பார்ப்பது. அட்மினாக இருந்து வேகுவதற்கு இதுவல்லவா ராஜ உத்தியோகம்? முகத்தை மட்டும் தோற்றுப்போனவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"சரி தனம். நீயே அட்மினா இரு. நான் பார்வையாளராவே இருந்துக்கிறேன்."

"நெசமாவா? அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

தன் கையாலேயே மாற்றிக் கொடுத்தார். தனலெட்சுமி போனில் எதையோ நாலைந்து தடவை அழுத்தினாள். எழுந்தாள். இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தன.

வீரசிங்கம் அவள் எழுந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

"நானும் பாத்துட்டேன் தனம். முப்பது பார்சல்."

அவள் திரும்பாமலேயே சொன்னாள். "பார்வையாளருங்கிற வேலையையே தூக்கிட்டேங்க. உங்க பேருக்கு நேரா என்னா இருக்குன்னு பாருங்க."

பார்த்தார். ஒரே ஒரு சரி அடையாளம் இருந்தது: 'தேங்காய் துருவ.'