கணக்குப் புலியும் நிரம்பாத தொட்டியும்

பக்கத்து வகுப்பில் மறுபடியும் கூச்சல்.

"அப்படி ஒரு முக்கோணமே இருக்க முடியாது மிஸ்!"

"ஏன் முடியாது? வரைஞ்சு காட்டவாடா?"

கணக்குப் புலிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரேதான். பள்ளியின் கெட்டிக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம், பாதிப் பேர் பக்கத்து வகுப்புப் புது டீச்சரிடம். அடுத்த மாதத்திலிருந்து மொத்தப் பேரும் ஒருவரிடமே என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். புது டீச்சர் கேள்வி கேட்டால் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். புலி கேட்டால் கொட்டாவி விட்டார்கள்.

"நேத்து வந்த பொண்ணு, அப்படி என்னத்தைத்தான் கேக்கறா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

"நானா? அவகிட்டயா?"

உட்கார்ந்து ஒரு கணக்கு எழுதினார். ஒரு தொட்டி, ஏழு குழாய். விடை போட்டுப் பார்க்கவில்லை. கேள்வி எழுதுகிறவன் விடையைப் போட்டுப் பார்ப்பது கோழைத்தனம் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை.

வகுப்பில் அதைக் கொடுத்ததும் முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், ரொப்புற குழாயைவிடக் காலி பண்ற குழாய் வேகமா இருக்கு. இந்தத் தொட்டி ஜென்மத்துக்கும் ரொம்பாது."

"கண்டுபிடிக்கறீங்களான்னு பாத்தேன்!" என்றார் புலி, வேர்த்துக்கொண்டே.

ஆசிரியர் அறையில் அந்தத் தாளைக் கசக்கியபோது புது டீச்சர் கை நீட்டினாள்.

"சார், நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. பாத்துக் கத்துக்கம்மா."

மறுநாள் அவள் வகுப்பில் மேசை அதிர்ந்தது. புலி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அடுத்து, அப்பா மகன் வயதுக் கணக்கு. விடை வந்ததும் வகுப்பே சிரித்தது. மகனைவிட அப்பா நாலே வயது பெரியவர்.

"ஒரு தடவை போட்டுப் பாத்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"புலி அளவெடுத்துக்கிட்டா பாயும்?"

அந்தத் தாளையும் புது டீச்சர் பத்திரமாக மடித்து வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் புலிக்குப் பொறி தட்டியது. நேரே தலைமையாசிரியை அறைக்குள் பாய்ந்தார்.

"மேடம், அந்த வகுப்பு எனக்குத்தான் வரணும்!"

"அவங்களுக்குன்னு முடிவாயிடுச்சே சார். பசங்க என்னமா யோசிக்கறாங்க, பாத்தீங்களா?"

"அத்தனையும் காப்பி! அவங்க கேக்கற ஒவ்வொரு கேள்வியும் நான் எழுதினது!"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் சார், அவங்களே சொன்னாங்க. உங்க பழைய பேப்பரையெல்லாம் தேடி எடுத்து, 'இந்தக் கேள்வியில தப்பு எங்க இருக்கு?'ன்னு கடைசியில ஒரு வரி மட்டும் சேர்த்துக்கறாங்களாம்."