கம்பவுண்டர், கரியா, பத்து நாள்

மனுஷர்களை 'வாடா போடா' என்றும் நாய்களை 'வாங்க போங்க' என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் கம்பவுண்டர்தான். அடித்துச் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் குமாஸ்தா. கல்யாணமான புதுசு. அடுத்த வீடு கம்பவுண்டருடையது. அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் இவர் ராஜ்ஜியம்.

வயிற்று வலி என்று போனால் ஏற இறங்கப் பார்த்து, நாம் எந்த நாய் ஜாதி என்று முடிவு செய்வார். "உனக்கு சிப்பிப்பாறை வாகுடா. ஒட்டின வயிறு, எண்ணெப் பலகாரம் தாங்காது" என்பார். குண்டான ஆள் என்றால் கோம்பை. அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு 'ராஜபாளையம்'. என் மனைவியை முதன்முதலாகப் பார்த்ததும், "பொண்ணு ராஜபாளையம்டா!" என்றார் என்னிடம்.

"இல்லீங்க, எங்க ஊரு இண்டூருங்க" என்றாள் அவள்.

மாற்றலாகிப் போன கன்னடக்கார ஓவர்சியர் ஒருவர் தன் கறுப்பு நாய் கரியாவை எங்களிடம் விட்டுப் போனார். அது மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. கம்பவுண்டர் வந்து பார்த்தார்.

"ஏம்மா, அவங்ககிட்ட என்ன பாஷையில பேசுற?"

"தமிழ்லதாங்க."

"அதான். அவங்களுக்குத் தமிழ் வராது."

அப்படியே தரையில் உட்கார்ந்து, "பன்னி, பன்னி" என்று கொஞ்சலாகக் கூப்பிட்டார். கன்னடத்தில் 'வாருங்கள்' என்று அர்த்தமாம். அது தெரியாத என் மனைவி, "பாவம், அதுவே பட்டினியா கெடக்குது. இவரு வேற பன்னிங்கறாரே!" என்று என் காதில் முணுமுணுத்தாள். கரியா எழுந்து போய் ஒரு உருண்டை ராகிக் களியைத் தின்று முடித்தது.

அன்று முதல் கரியாவின் கவனிப்பு முழுக்க அவர் கையில். உண்ணி பிடுங்குவார், காது துடைப்பார், சனிக்கிழமை தவறாமல் கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார்.

அப்படி ஒரு சனிக்கிழமை பாதிக் குளியலில் கரியா ஓட்டம் பிடித்தது. முகமெல்லாம் நுரை. எதிரே வந்த ரைஸ்மில்காரர் மிரண்டு போய்க் குடையால் ஓங்கி அடித்தார். கரியா அவருடைய கெண்டைக்காலில் பல்லைப் பதித்தது.

"வெறி நாய்! வாயில நுரை பாரு! அடிச்சுக் கொல்லுங்கடா!" என்று அலறினார்.

நிமிஷத்தில் பத்துப் பேர் கம்போடு கூடிவிட்டார்கள். நனைந்த வேட்டியும் கையில் சோப்புமாகக் கம்பவுண்டர் ஓடிவந்து, நாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கிறதுன்னா என்னை மொதல்ல அடிங்கடா! பத்து நாள் எங்க வூட்டுல கட்டி வெக்கறேன். வெறி இருந்தா அதுக்குள்ள அவங்களே செத்துருவாங்க. இல்லைன்னா வெறி இல்லை." மில்காரரைப் பார்த்து, "ஆனா உனக்கு இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கணும். தொப்புளைச் சுத்தி. பத்தாம் நாள் அவங்க உசுரோட இருந்தா நிறுத்திக்கலாம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஊரையே புரட்டிப் போட்டது. நாயைக் கொல்லச் சொன்ன மில்காரர், மூன்றாம் நாள் காலையில் செம்பு நிறையப் பாலோடு வந்து நின்றார்.

"நாய் நல்லா இருக்குதுங்களா?"

"அவங்க நல்லா இருக்காங்க. நீ சட்டையத் தூக்கு."

ஆறாம் நாள் கரியா வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தது. மில்காரரின் சம்சாரம் நாய் பிழைக்க வேண்டுமென்று தீர்த்தமலைக்கு நேர்ந்துகொண்டாள். "ஒரு செம்புப் பாலை ஊத்துனா வேற என்னடா ஆகும்?" என்று மில்காரரை விரட்டியடித்தாரே தவிர, கம்பவுண்டருக்கும் பயம்தான். என்னைத் தவிர எல்லோரும் போன பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தார். வெறி பிடித்த நாய்க்குத் தண்ணீர் இறங்காது என்பார்கள்.

"குடிங்க சாமி. கொஞ்சம் குடிங்க."

கரியா தலையைத் தூக்கி, சளப் சளப்பென்று குடித்தது. கம்பவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் மில்காரர் வாசலில் கால் வைத்ததும் கரியா தெருவே அதிரக் குரைத்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நூறு வருஷம் நல்லா இருங்க!"

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் காலையில் கரியா கம்பவுண்டர் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. நானும் இழுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கம்பவுண்டர் வந்தார், கரியாவும் கூடவே வந்தது. "வழியில குமட்டுனா குடிடா" என்று ஒரு மிக்ஸர் மருந்துப் பாட்டிலை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்.

பஸ் நகர்ந்ததும் என் மனைவி கரியாவை நினைத்து அழுதாள். மடியில் கிடந்த பாட்டிலைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. "உங்களுக்கும் நாய் மேல இவ்வளவு ஆசையா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.